பின்பக்கமாக இறங்குகிறவன்

பெட்டி இன்னும் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்துதான் அவள் உடுத்த எடுப்பாள். துவைத்துக் காய்ந்ததை மடித்து அதிலேயே வைப்பாள். அலமாரியில் அவளுடைய தட்டு காலியாகக் கிடந்தது. அதில் ஒரு கைக்குட்டையைக்கூடத் திருப்பி வைப்பதில்லை என்று பிடிவாதமாக இருந்தாள்.

கீழே கண்ணாடிக் கடை, மேலே வீடு. கடைக்காரனை எல்லோரும் வைரம் என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணாடியைக் கீறுகிற கோலின் முனையில் இருக்கும் பொட்டு வைரத்தால் வந்த பெயர். அவன் கீறினால் பட்டுத் துணி கிழிகிற மாதிரி ஒரே சீரான சத்தம் வரும். மேசை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் இரண்டாகிவிடும். அறுப்பது அவன் வேலை, அளப்பது அவள் வேலை. வீடு வீடாகப் போய் ஜன்னல் சட்டங்களை அளந்துகொண்டு வருவாள். பழைய சட்டம் எதுவும் நேராக இருக்காது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்து, எது குறைச்சலோ அதைத்தான் கொடுக்க வேண்டும். பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு அளப்பாள். அவளுடைய பென்சில்கள் எல்லாவற்றிலும் பல் தடம் இருக்கும்.

ஒரு குளியலறைக் கண்ணாடியை அவன் பெரிதாக அறுத்துவிட்டான். வாடிக்கையாளர் சத்தம் போட்டபோது, "இவ அளவு எடுத்த லட்சணம்" என்றான். அவள் அளவுச் சீட்டை எடுத்து வாடிக்கையாளர் முன்னால் மேசையில் வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். மறுநாள் காலையில் அவன் அவளிடமிருந்து கடைச் சாவியைக் கேட்டு வாங்கித் தம்பியிடம் கொடுத்தான்.

"இனிமே அளக்கறது இவன். நீ அடுப்பங்கரைய அள."

அவள் மேலே போய்ப் பெட்டி கட்டினாள். பக்கத்து ஊரில் பள்ளித்தோழி ஒருத்தி படச்சட்டக் கடை வைத்திருந்தாள். ரொம்ப நாளாக வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியோடு கடைசிப் படியில் கால் வைத்தபோது, கடைக்குள் ஒரு முழுக் கண்ணாடி விழுந்து நொறுங்குகிற சத்தம் கேட்டது. வைரம் ஒருநாளும் கண்ணாடியைக் கை நழுவவிட்டவன் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தாள். சில்லுகளுக்கு நடுவில் கிடந்தான். கண் திறந்திருந்தது. வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது.

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு குழறியது. குழறலிலும் வசவுதான் முதலில் திரும்பி வந்தது. பெட்டி கட்டிய அன்றே அவள் 'நீங்க'வை விட்டுவிட்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவனுக்கு நினைவு தெளிந்ததும் அவள் சொன்ன முதல் பேச்சே 'நீ'யில்தான் ஆரம்பித்தது.

"நீ உன் வேலைய நீயே பாத்துக்கற அன்னிக்கு நான் கிளம்பறேன். கை கால் விளங்காதவன விட்டுட்டு ஓடிட்டாள்னு ஒரு நாய் என்னைச் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் இருக்கேன். வேற எதுக்கும் இல்ல."

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வீடாக வந்து பார்க்கிற ஒரு பெண் இருந்தாள். நோயாளி தானாகச் சாப்பிடுகிறாரா, குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா, நடக்கிறாரா, படி ஏறி இறங்குகிறாரா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து மதிப்பெண் போடுவாள். எல்லாவற்றையும் உதவியில்லாமல் செய்தால் நூறு. முதல் தடவை வந்தபோது அவனுக்குக் கிடைத்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அன்றைக்கு அந்த நூறு அவள் மனதில் ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அதிலிருந்து வீட்டில் சண்டைதான். ஸ்பூனை அவனுடைய இடது கைப்பக்கம் வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவாள். அவன் அதைத் தட்டிவிடுவான். எடுத்துக் கழுவி மறுபடி வைப்பாள். மறுபடி தட்டிவிடுவான். கஞ்சி ஆறி ஆடை கட்டும்.

"பட்டினி கெட."

"கெடக்கறேன். ஊரக் கூட்டிக் காட்டறேன், பாருங்க என் பொண்டாட்டி லட்சணத்தனு."

கடைசியில் அவள்தான் ஊட்டுவாள். சட்டையும் அவள்தான் மாட்டுவாள். "செத்த கை முதல்ல," என்று சொல்லிக்கொண்டே வலது கையைச் சட்டைக்குள் திணிப்பாள். அவன் கட்டை மாதிரி உட்கார்ந்திருப்பான்.

ஒருநாள் மருந்து வாங்கப் போனவள் சீட்டை மறந்துவிட்டுப் பாதியில் திரும்பினாள். வீட்டுக் கதவின் மேல்பாதி கண்ணாடி. அது அவனே அறுத்துப் பொருத்தியது. அது வழியாகப் பார்த்தாள். வைரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, நாக்கு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கையால் சட்டைப் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தான். கடைசிப் பொத்தானும் போட்டாகிவிட்டது. நிமிர்ந்தவன் அவளைப் பார்த்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் கை கடைசிப் பொத்தானிலேயே நின்றது. பிறகு அவளைப் பார்த்துக்கொண்டே, போட்ட பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இவனுக்கு முடியாமல் இல்லை. முடிந்தால் அவள் போய்விடுவாள், அதனால் முடியவில்லை.

மழைக்காலம் முடியப்போகிறது. தோழி போனில் சொல்லிவிட்டாள். "உனக்காக இடத்தக் காலியா வச்சிருக்கேன்டி. மழை விட்டதும் வேலை குவியும். அதுக்குள்ள வந்தா வா, இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும். தப்பா நெனச்சுக்காத."

இந்த நிலையில்தான் ஆஸ்பத்திரிப் பெண் இரண்டாவது தடவையாக வந்தாள். மழையில் பாதி நனைந்து, குடையை வாசலில் சாய்த்துவிட்டு, அட்டையில் செருகிய தாளோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். வைரம் மேல்சட்டைப் பொத்தான் போடாமல் நெஞ்சு தெரிய உட்கார்ந்திருந்தான். முன்னால் கஞ்சிக் கிண்ணம் இருந்தது.

"எப்படி இருக்கீங்க சார்? நீங்களே சாப்பிடறீங்களா?"

"இவதாம்மா ஊட்டறா. குழந்தை மாதிரி பாத்துக்கறா," என்றான் வைரம். குரலில் தேன் வழிந்தது.

"பொய்," என்றாள் அவள். "எல்லாம் முடியும் அவனுக்கு. பொத்தான் போடறத என் கண்ணால பாத்தேன்."

"எப்ப?"

"போன வாரம்."

"நேத்து யாரு போட்டுவிட்டது?"

அவள் அவனுடைய திறந்த சட்டையைப் பார்த்தாள்.

"கோவிச்சுக்காதீங்கக்கா. இதுல முடியுமா முடியாதான்னு கேள்வி இல்ல. செய்யறாரா இல்லையா, அவ்வளவுதான். நீங்க போட்டுவிட்டா, அது நீங்க போட்டதுதான்."

"அவன் வேணும்னே பண்றாம்மா! நான் போட்டுவிடலன்னா நாள் பூரா இப்படியே உக்காந்திருப்பான்."

"பாத்தியாம்மா, இவ எப்படிப் பேசறாள்னு?" என்றான் வைரம். "படுத்த படுக்கையா கெடக்கறவன."

"படுத்த படுக்கையா? உக்காந்துதான கொழுப்பெடுத்துப் பேசற?"

அந்தப் பெண் தாளைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "முழு மதிப்பெண் வந்தாலும் தனியா இருக்கலாம்னு அர்த்தம் இல்லக்கா. சமைக்கறது, கடைக்குப் போறது, மருந்த வேளைக்குப் போட்டுக்கறது எதுவும் இதுல கிடையாது."

"சமையலா? கை ரெண்டும் நல்லா இருந்தப்பவே அவன் தண்ணி மோந்து குடிச்சதில்ல. எதிர்த்தாப்புல சாப்பாட்டுக் கடை இருக்கு. தம்பி இருக்கான். எனக்கு அந்த நூறு போதும்."

வெளியே மழை வலுத்தது. ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் தாரை தாரையாக இறங்கியது.

"நீ இப்ப எங்கயும் போக முடியாது," என்றாள் அவள் ஆஸ்பத்திரிப் பெண்ணிடம். "மழை விடற வரைக்கும் இரு. இன்னிக்கு நான் எதுவும் செய்யப்போறதில்ல. நீயே பாத்துட்டுப் போ."

நாற்காலியை இழுத்துப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வைரமும் உட்கார்ந்திருந்தான். கஞ்சியில் ஆடை கட்டியது. ஒரு ஈ வந்து அவன் நெஞ்சில் உட்கார்ந்தது. அதைக்கூட அவன் விரட்டவில்லை. ஆஸ்பத்திரிப் பெண் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அப்போதுதான் தம்பிக்காரன் டீயோடு மேலே வந்தான். சின்ன வயதிலிருந்தே அண்ணனோடு ஒட்டிக்கொண்டு திரிந்ததால் கடையில் அவனுக்குப் பசை என்று பெயர். சாவிக்கொத்து இடுப்பில் குலுங்கியது. அறையில் நிலவிய அமைதியைப் பார்த்து அவனாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டான்.

"என்ன அண்ணி, அண்ணாவுக்குக் கஞ்சி குடுக்கலையா? பாவம், ஆறிப்போச்சு." டீயை வைத்துவிட்டு அண்ணன் முன்னால் குந்தினான். "ஆ காட்டுங்கண்ணா."

வைரத்தின் முகம் ஒரு மாதிரி ஆனது.

"ஆ... காட்டுங்க. மேடம், அண்ணாவுக்கு இனிமே ஆகாது மேடம். நானும் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். இதுதான் கடைசி வரைக்கும். அதான் பழைய வெட்டு மேசையக்கூட எடுத்துட்டேன். இடத்த அடைச்சுக்கிட்டுக் கெடந்துது."

"எத எடுத்த?" என்றான் வைரம்.

"மேசையண்ணா. இனிமே யாரு அதுல நிக்கப்போறா? பின்னால சாத்தி வச்சிருக்கேன். ஆ காட்டுங்க... சரி, அப்புறம் சாப்பிடுங்க. மொதல்ல பொத்தானப் போடுவோம். பொம்பளப் புள்ள உக்காந்திருக்கு, இப்படித் தொறந்து போட்டுக்கிட்டு."

பசை அண்ணனுக்குப் பொத்தான் போட்டுவிட்டான். முதல் பொத்தானை இரண்டாவது ஓட்டையில் மாட்டினான். மற்றதெல்லாம் வரிசையாகத் தப்பாகவே போயிற்று. சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இன்னொரு பக்கம் தொங்கியது. பசைக்கு அது தெரியவில்லை. நெஞ்சில் தட்டிக் கொடுத்து, "இப்ப எப்படி இருக்கு!" என்றான்.

வைரம் குனிந்து தன் சட்டையைப் பார்த்தான். கோணல். நூல் பிடித்த மாதிரி அறுத்துக்கொண்டிருந்தவன் அவன். மயிரிழை சாய்ந்திருந்தால் முழுக் கண்ணாடியையும் ஓரமாக வைத்துவிடுவான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கழுத்து நரம்பு புடைத்தது.

இடது கையால் பசையின் கையைத் தட்டிவிட்டான். அது பட்டுப் பக்கத்திலிருந்த டீ கொட்டியது.

"அளவு தெரியாத நாயே! ஒரு பொத்தானுக்கு ஒரு ஓட்டை. அதுல கூடத் தப்பு. நீ போய் ஜன்னல் அளக்கற!"

நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, கோணலாக இருந்த பொத்தான்களைக் கழற்றி, கீழிருந்து ஒவ்வொன்றாகச் சரியாகப் போட்டான். காலரை இழுத்து நேராக்கினான். ஸ்பூனை எடுத்து ஆறின கஞ்சியைக் குடித்தான். கொஞ்சம் தாடையில் வழிந்தது. அதைப் புறங்கையால் துடைத்துவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தான். பிறகு ஆஸ்பத்திரிப் பெண்ணைப் பார்த்தான்.

"எழுதிக்கம்மா. அவ வெளிய போற நேரமெல்லாம் நானாத்தான் கக்கூஸ் போறேன். குளிக்கறதும் என்னாலயே முடியும், இவ தண்ணிய மேல கொட்டித் தொலைக்கறதுக்கு முன்னால. எத்தன நாளா நடக்கறேன்னு கீழ கடைக்கு வர்றவங்களக் கேளு. தலைக்கு மேல சத்தம் கேட்டிருக்கும்."

"பாத்துட்டுத்தான் எழுதணும் சார்."

"பாரு. எல்லாத்தையும் பாரு."

பாதிக் காலை அதில் போயிற்று. அவன் எழுந்தான், நடந்தான், கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டு வந்தான். கால்சட்டை நாடாவைப் பல்லால் ஒரு முனையைக் கடித்து ஒற்றைக் கையால் முடிந்தான். குளியலறையில் அவன் தனியாகத் தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தத்தை ஆஸ்பத்திரிப் பெண் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். ஈரத் தலையோடு, புதுச் சட்டை மாட்டிக்கொண்டு, செத்த கையை முதலில் நுழைத்து, அவனே வெளியே வந்தான். அவள் ஒரு இடத்திலும் கை கொடுக்கவில்லை. பசை மூலையில் நின்று சாவியை நெருடிக்கொண்டிருந்தான்.

"இன்னும் என்ன பாக்கி?"

"படி மட்டும்தான் சார்."

 ஆஸ்பத்திரியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து மேலே போட்ட பிறகு அவன் அந்தப் படியில் இறங்கியதே இல்லை. செங்குத்தான குறுகல் படி. நடுவில் ஒரு மூலை. மூலையில் படிகள் முக்கோணமாக, உள்பக்கம் கால் வைக்க இடமில்லாமல் இருக்கும். கைப்பிடி ஒரே பக்கம்தான். ஏறும்போது இடதுபக்கம் இருக்கிற அது, இறங்கும்போது வலதுபக்கம் வந்துவிடும், செத்த கைப்பக்கம்.

"இன்னிக்கு வேணாம் சார். அடுத்த தடவை பாக்கலாம்," என்றாள் ஆஸ்பத்திரிப் பெண்.

"அடுத்த தடவையா? இவளுக்கு இன்னிக்கே போகணும்." அவளைத் திரும்பிப் பார்த்தான். "போகணும், அதான? போ. உன்னைப் புடிச்சு வச்சுக்கிட்டு எனக்கு என்ன ஆகப்போகுது? வெளங்காதவன்னு இந்தப் பசை சொல்றான். நீ அதையே சொல்லிக்கிட்டு இங்க உக்காந்திரு."

"வாய் பேசாம இறங்கு."

அவன் படியின் உச்சிக்குப் போனான். எல்லோரும் நினைத்த மாதிரி இறங்கவில்லை. திரும்பி நின்றான். முகம் வீட்டைப் பார்க்க, முதுகு படியைப் பார்க்க. இப்போது கைப்பிடி இடது கைக்கு வந்துவிட்டது.

அவளுக்கு ஒரே பார்வையில் புரிந்துவிட்டது. மழைத் தண்ணீர் கடைக்குள் வருகிற காலங்களில் பெரிய கண்ணாடிகளை மேலே ஏற்றி வைப்பார்கள். வெயில் வந்ததும் இறக்குவார்கள். இறக்கும்போது கீழ்முனையைப் பிடிக்கிறவன் பின்பக்கமாகத்தான் இறங்க வேண்டும். அது எப்போதும் வைரம்தான். மேல்முனை அவள். அவனுக்குப் பின்னால் கண் கிடையாது. கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்து அவள்தான் குரல் கொடுப்பாள். படி. படி. மூலை. படி. தரை. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வேலை அது. பேச்சே நின்றுபோன மாதங்களில்கூட அந்த மூன்று வார்த்தைகள் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பெண் அவனுக்குக் கீழே, விழுந்தால் தாங்க, ஒரு படி விட்டு நின்றாள். வலது காலை முதலில் கீழே விட்டான். பிறகு இடது கால். மறுபடி வலது. அவன் மூச்சு மேலே நின்ற அவளுக்கும் கேட்டது. மூலைக்கு வந்தான். வலது கால் பின்னால் போய், படியின் ஒடுங்கிய உள்பக்கத்துக்கு மேலாக, காற்றில் தொங்கியது.

"மூலை!" என்றாள் அவள்.

கால் வெளிப்பக்கமாக விலகி, அகலமான இடத்தில் ஊன்றியது. கடைசிவரை இறங்கிவிட்டான். ஆஸ்பத்திரிப் பெண் நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

"அக்கா, நீங்க சொல்லிட்டீங்க. வாயால சொல்லிக் குடுத்தாலும் உதவிதான். படிக்குப் பாதிதான் போட முடியும்."

அவள் படி உச்சியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் நாக்கையே அறுத்துப் போடலாம் போல் இருந்தது. கீழே வைரம் கத்தத் தொடங்கினான்.

"யாருடி கேட்டா உன்னை? நான் கேட்டனா? நானே இறங்கியிருப்பேன்! போறேன் போறேன்னு குதிச்சவளுக்கு வாய மூடிக்கிட்டு ஒரு நிமிஷம் நிக்கத் துப்பில்ல!"

"விழுந்து மண்டை உடைஞ்சா அதையும் நான்தான கழுவணும்!"

"கழுவ வேணாம்! எழுதாதம்மா, நிறுத்து. நான் மறுபடி ஏறி இறங்கறேன். அவளை வாய மூடிக்கிட்டு நிக்கச் சொல்லு."

"சார், களைச்சுட்டீங்க..."

"எழுதாதன்னேன்!"

ஏறுவது அவனுக்குச் சுலபம். நல்ல கால் மேலே, கெட்ட கால் பின்னால். உச்சிக்கு வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றான். வேர்வை மூக்கில் சொட்டியது. கஞ்சி வாசனை அடித்தது. இவ்வளவு பக்கத்தில், ஊட்டாமலும் உடுத்திவிடாமலும், அவர்கள் நின்று ரொம்ப நாளாகிவிட்டது.

"வாய மூடு," என்றான்.

கதவோரத்து ஆணியில் அவளுடைய அளவு நாடா தொங்கியது. பக்கத்துப் பலகையில் ஒரு பென்சில் கிடந்தது. அதை எடுத்துப் பல்லில் கவ்விக்கொண்டாள்.

அவன் இறங்கினான். வலது கால். இடது கால். மூலையில் கால் மறுபடியும் பின்னால் போய், மறுபடியும் காற்றில் தொங்கியது. இந்தத் தடவை அது தேடியது. உணர்ச்சியில்லாத கால், குருடன் கைபோல இங்கும் அங்கும் தடவியது. அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வேறு எங்கேயும் பார்க்கவில்லை. கெஞ்சுகிறானா, அதட்டுகிறானா என்று அவளுக்குப் புரியவில்லை. பென்சில் பல்லுக்கிடையில் நொறுங்குகிற சத்தம் அவள் காதுக்குள் கேட்டது.

அவள் சொல்லவில்லை.

கால் சுவரில் முட்டியது. சுவரையே பிடித்துக்கொண்டு சறுக்கி, அகலமான பக்கத்தில் போய் ஊன்றியது. அப்புறம் ஒவ்வொன்றாக இறங்கி, கடைசியில், "தரை," என்று அவனே சொல்லிக்கொண்டான்.

"எவ்வளவு?" என்றான்.

ஆஸ்பத்திரிப் பெண் தாளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "நூறு சார்."

அவன் சந்தோஷப்படவில்லை. பின்னாலேயே இறங்கி வந்த பசையிடம் இடது கையை நீட்டினான். "சாவி." பசை இடுப்பிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். "மேசைய எடுத்து இருந்த எடத்துல போடு. கோணலாப் போடாத."

மேலே அவள் வாயிலிருந்து மரச்சிராயைத் துப்பினாள். அளவு நாடாவை ஆணியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள். பெட்டி ரொம்ப நாளாகத் தயாராகத்தான் இருந்தது. பூட்ட வேண்டியதுதான் பாக்கி. தூக்கிக்கொண்டு இறங்கினாள். கண்ணில் என்னவோ மறைத்தது. மூலையில் பெட்டி சுவரில் இடித்து, காரை உதிர்ந்தது.

கீழே வைரம் முதுகைக் காட்டிக்கொண்டு, மேசை போட இடம் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே சொன்னான்.

"கண்ணாடியா இருந்தா போயிருக்கும்."

"கண்ணாடி இல்ல," என்றாள் அவள்.

மிச்சப் படிகளை இறங்கினாள். ஆஸ்பத்திரிப் பெண் குடையை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, தூறலில் இறங்கிப் பேருந்து நிற்கும் பக்கமாக நடந்தாள். பின்னால் கடைக்குள் மேசை தரையில் இழுபடுகிற சத்தமும், "இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நிறுத்து, நாயே," என்ற அவன் குரலும் தெருமுனை வரைக்கும் கேட்டன.